சாப்பாட்டு அறைக்குப் பழைய சைட்போர்டு: எந்தக் காலத்தது உங்களுக்குப் பொருந்தும்?

சைட்போர்டு என்பது சாப்பாட்டு அறையில் தட்டு, பாத்திரங்களை வைக்கவும் பரிமாறவும் சுவரோரம் நிற்கும் அலமாரி-மேசை. பழைய சைட்போர்டு வாங்க நினைப்பவர்கள் பலரும் கடைசியில் இரண்டு படங்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்றில், செதுக்கு வேலையும் பெரிய கண்ணாடியுமாக நிமிர்ந்து நிற்கும் விக்டோரியக் காலத்துச் சைட்போர்டு. இன்னொன்றில், தாழ்ந்து நீண்டு கிடக்கும் 1960களின் டேனிஷ் தேக்கு. இரண்டில் எது நல்லது என்று கேட்கிறார்கள். அழகை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. தினமும் திறந்து மூடி, தட்டுகளை அடுக்கி, சூடான பாத்திரத்தை மேலே இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகவேண்டிய சாமான் இது.

என் கணிப்பில், சைட்போர்டின் வயதும் செய்தவர் பெயரும் பிறகு பார்க்க வேண்டியவை. முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு. அதன் உயரமும் ஆழமும் உங்கள் அறைக்கும் பழக்கத்துக்கும் ஒத்துவருமா? அது கெட்டால் ஒரு தச்சரால் சரிசெய்ய முடியுமா? இந்த இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. பணம் அதிகம் போவது அங்கேதான்.

ஒரு சின்ன விளக்கம். நூறு வருடத்தைத் தாண்டியதை ஆன்டிக் என்றும், அதற்குக் குறைந்த பழசை விண்டேஜ் என்றும் வியாபாரத்தில் சொல்வார்கள். பல நாடுகளின் சுங்க விதிகளும் அந்த நூறு வருடக் கணக்கையே எடுத்துக்கொள்கின்றன. விற்பவர் சொல்லும் "ஆன்டிக் ஸ்டைல்" இதில் சேராது. அது புதுச் சாமான்தான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நடக்கும் இடம். டேப்பை எடுத்துச் சைட்போர்டுக்கான சுவரை அளப்பதற்கு முன், சாப்பாட்டு மேசையின் விளிம்பிலிருந்து அந்தச் சுவர் வரை அளந்துகொள்ளுங்கள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழ ஏறக்குறைய 60 செ.மீ. வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் இன்னொருவர் பாத்திரத்தோடு போகவேண்டும் என்றால் 90 செ.மீ. தேவை. சைட்போர்டின் கதவு வெளியே திறக்கும் வகை என்றால் அதன் அகலமும் இந்தக் கணக்கில் வரும். மேசைக்கும் சுவருக்கும் நடுவே 130 செ.மீ. இருக்கும் அறையில் 65 செ.மீ. ஆழமுள்ள சைட்போர்டை வைத்தால், யாரும் யாரையும் தாண்டிப் போக முடியாது. அதே இடத்தில் 40 செ.மீ. ஆழமுள்ளது வந்தால் நிம்மதியாக நடக்கலாம்.

உயரம். நின்றபடி பரிமாற வசதியான உயரம் 85 முதல் 95 செ.மீ. சமையலறை மேடை இருக்கும் உயரமும் இதுவே. சாப்பாட்டு மேசையோ 71 முதல் 76 செ.மீ. இருக்கும். சைட்போர்டும் அந்த உயரத்திலேயே இருந்தால் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அழகாகத் தெரியும். ஆனால் பரிமாறுபவர் ஒவ்வொரு முறையும் குனியவேண்டும்.

உள்ளே எவ்வளவு இடம். சாப்பாட்டுத் தட்டு 26 முதல் 28 செ.மீ. விட்டம் இருக்கும், எந்தச் சைட்போர்டிலும் நுழைந்துவிடும். சிக்கல் வருவது 40 செ.மீ. வட்டத் தாம்பாளம், உயரமான ஜாடி போன்ற பெரிய சாமான்களில். உங்களிடம் இருப்பதிலேயே பெரியது எதுவோ, அதன் அளவைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

உடம்பு எதனால் ஆனது. வெளியே தெரியும் மரத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். உள்ளே முழு மரமா, பிளாக்போர்டா (மரக்கட்டைகளை வரிசையாக ஒட்டிய பலகை), சிப்போர்டா (மரச்சீவலைப் பசையோடு அழுத்திய பலகை)? பசை வஜ்ஜிரமா (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சியது), நவீன ரெசினா? மேலே அரக்கு பாலிஷா, எண்ணெயா, லேக்கரா? பழுதுச் செலவைத் தீர்மானிப்பவை இவைதான்.

சட்டம். மரமும் ஒட்டுவேலைப் பொருளும் சில சமயம் தடைப் பட்டியலில் இருக்கும். எல்லை தாண்டி வாங்குபவருக்கு இது பெரிய விஷயம்.

## ஜார்ஜியக் காலத்தது: 1760 முதல் 1830 வரை

சைட்போர்டு என்ற சாமான் இன்றைய வடிவத்துக்கு வந்தது இந்தக் காலத்தில்தான். கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் ஒரு நீண்ட மேசையை நடுவில் வைத்து, இருபுறமும் தனித்தனி அலமாரித் தூண்களை நிறுத்தி, அவற்றின் மேல் ஜாடிகளை வைத்தார். அந்தத் தூண்களில் ஒன்றின் உட்புறத்தில் தகரம் அடித்துத் தட்டுகளைச் சூடாக வைத்திருந்தார்கள். பிறகு மேசையும் தூண்களும் ஒன்றாகச் சேர்ந்து, நடுவில் ஒரு டிராயர், இருபுறமும் ஆழமான அறைகள், மெலிந்த ஆறு கால்கள் என்று ஒரே சாமான் ஆனது. ஹெப்பிள்வைட், ஷெரட்டன் ஆகிய மரச்சாமான் வடிவமைப்பாளர்களின் பெயர்கள் ஒட்டிக்கொண்டிருப்பது இந்த வகையோடு.

பணியாளர் நின்றுகொண்டு பரிமாறுவதற்காகச் செய்தது என்பதால் உயரம் 90 செ.மீ.யை ஒட்டி இருக்கும். இன்றும் பரிமாறும் வேலைக்கு இதைவிட வசதியான சைட்போர்டு இல்லை. வயது கூடியதாலேயே அலங்காரப் பொருள் என்று நினைக்கிறோம். உண்மையில் வேலைக்கு மிகவும் ஏற்ற உயரம் இதனுடையது.

ஆனால் ஆழம் 60 செ.மீ.க்கு மேல், வில்லாக வளைந்த முகப்பு இருந்தால் நடுவில் இன்னும் கூடும். ஒடுங்கிய அறைக்குப் பொருந்தாது. பெரிதாகத் தெரிந்தாலும் உள்ளே இடம் குறைவு, ஏனென்றால் கீழ்ப்பாதி முழுக்கக் கால்கள்தான். ஓரத்து ஆழமான டிராயர் பெரும்பாலும் பாட்டில் வைப்பதற்காக ஈயத்தகடு அடித்தது. அதில் உணவுப் பாத்திரம் வைக்காதீர்கள். புது உள்பெட்டி ஒன்று செய்து போட்டுக்கொள்ளலாம், ஈயத்தைப் பிய்த்தெடுக்க வேண்டாம். பிய்த்தால் சாமானின் மதிப்பு போகும், தூசியும் உடம்புக்கு ஆகாது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு வகை. ஒன்று, பிற்காலத்தில் யாரோ ஆழத்தைக் குறைத்து வெட்டியிருப்பது, அல்லது காலை மாற்றியிருப்பது. விலையை முழுசாகக் கொடுத்து அரைகுறைச் சாமானை வாங்கியதாகிவிடும். இன்னொன்று, சாவித்துவாரத்தைச் சுற்றிய தந்தத் தகடு. பிரிட்டனில் 2018இல் இயற்றி 2022இல் நடைமுறைக்கு வந்த தந்தச் சட்டத்தின்படி, இப்படிப்பட்ட சாமான்களை விற்கவே விலக்குப் பதிவு வேண்டும். பிற நாடுகளிலும் இறக்குமதிக் கட்டுப்பாடு உண்டு. எலும்புத் தகடா, தந்தமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பழுது என்ற கணக்கில் இது முதல் தரம். வஜ்ஜிரப் பசையைச் சூடும் ஈரமும் கொடுத்துப் பிரித்து, மறுபடி ஒட்டலாம். அக்கால வெனீரை (மேலே ஒட்டும் மெல்லிய மரத்தகட்டை) கையால் ரம்பத்தில் அறுத்ததால் தடிமன் 1.5 மி.மீ.க்கு மேல் இருக்கும், நிதானமான தச்சரின் கையில் மறுபடி உயிர் பெறும்.

## விக்டோரியக் காலத்தது: 1837 முதல் 1901 வரை

கண்ணாடி முதுகு, செதுக்கிய பழங்கள், சில சமயம் மார்பிள் பலகை. முதுகோடு சேர்த்து 2 மீட்டரைத் தாண்டும். இதன் நல்ல பக்கம் கொள்ளளவு. தரைவரை நீளும் இரண்டு அலமாரித் தூண்கள் இருப்பதால் பெரிய தாம்பாளம், ஜாடி, விரிப்பு எல்லாம் போய்ச் சேரும். 2000க்குப் பிறகு கனமான கருமர நாற்காலி மேசைகளின் ஏல விலை மேலை நாடுகளில் வெகுவாக இறங்கியதால், மரத்துக்கும் உழைப்புக்கும் ஒப்பிட்டால் இன்று இது மிகமிக மலிவு. முழு மஹோகனிப் பலகை இந்த விலையில் புதிதாகக் கிடைக்கவே கிடைக்காது.

அப்படியானால் ஏன் எல்லோருக்கும் சிபாரிசு செய்யவில்லை? தூக்க முடியாது என்பதால். வாங்கிய விலையைவிட வண்டிக்கும் ஆட்களுக்கும் அதிகம் ஆவது இந்த வகையில் சாதாரணம். படிக்கட்டுத் திருப்பம், லிப்டின் கதவு, அறைக்கதவின் அகலம் மூன்றையும் அளக்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது. முதுகும் உடம்பும் தனித்தனியாகக் கழலுமா என்று கேளுங்கள், பல சாமான்களில் கழலும். தாழ்ந்த கூரை உள்ள வீட்டில் முதுகைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழ்ப்பகுதியை மட்டும் பயன்படுத்தலாம். கழற்றியதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மீண்டும் விற்கும்போது அது வேண்டும்.

## எட்வர்டியன் காலத்தது, ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் ஓக்

இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டுமே உரிய கவனம் பெறாதவை. எட்வர்டியன் (ஏழாம் எட்வர்ட் மன்னரின் பெயரால் வந்தது) என்று சொல்லும் வகையில், 1880களில் தொடங்கி 1910 வரை ஷெரட்டன் பாணியை மறுபடி செய்தார்கள். சாட்டின்வுட் என்ற வெளிர்மஞ்சள் மரக் கோடுகள், மெலிந்த கால்கள், ஜார்ஜியச் சாமானைவிடக் கொஞ்சம் சிறிய உடம்பு. இதை ஜார்ஜியன் என்று விற்பவர்களும் உண்டு. இயந்திரத்தில் வெட்டிய ஒரே அளவுப் புறாவால் மூட்டும் (புறா வால்போல் விரிந்த பற்களைக் கோத்துச் சேர்ப்பது), கூர்நுனி ஸ்க்ரூவும் காட்டிக்கொடுத்துவிடும். உண்மையான வயதைச் சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் தாராளமாக வாங்கலாம்.

ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் ஓக் என் மனசுக்கு நெருக்கமானது. இயந்திர உற்பத்தியின் மட்டமான அலங்காரத்துக்கு எதிராக ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் போன்றவர்கள் எழுப்பிய குரலில் பிறந்தது. அமெரிக்காவில் குஸ்டாவ் ஸ்டிக்லி அதை நேர்க்கோட்டு, கனமான ஓக் சாமான்களாக ஆக்கினார். மூட்டில் செருகும் நாக்கான கழுந்து, பலகையைத் துளைத்து வெளியே வந்து தெரியும், எதையும் மறைப்பதில்லை. கால்வட்டமாக (கட்டையை நான்காகப் பிளந்து, நடுவை நோக்கி) அறுத்த ஓக் பலகையில் வெள்ளிக் கீற்றுப்போல் ரேகை ஓடும். அது அழகுக்காக மட்டும் இல்லை. அப்படி அறுத்த பலகை, ஈரப்பதம் ஏறி இறங்கும்போது சாதாரணமாக அறுத்த பலகையில் பாதி அளவுக்குத்தான் விரிந்து சுருங்கும். குளிர்சாதனமோ ஹீட்டரோ ஓடும் அறையில், பக்கப் பலகை வெடிக்காமல் இருக்க இது பெரிய உதவி.

குழந்தைகள் ஓடும் வீடு, தினமும் மூன்று வேளை புழங்கும் அறை என்றால் நான் கைகாட்டுவது இதைத்தான். கீறல் விழுந்தால் ஓக்கில் தனியாகத் தெரியாது. முழு மரம், உப்புத்தாள் தாங்கும். ஆனாலும் அம்மோனியா ஆவியில் கறுக்க வைத்த அசல் நிறத்தைத் தேய்த்து எடுத்துவிட்டால், அது போனது போனதுதான். பெயர்பெற்ற பட்டறையின் முத்திரை உள்ள சாமான் விலை மிக உயரும். முத்திரை இல்லாத நல்ல ஓக் சைட்போர்டு அதன் சிறு பங்குதான் இருக்கும். புழங்குவதற்கு முத்திரை இல்லாததே போதும்.

## ஆர்ட் டெக்கோ: 1920கள், 1930கள்

1925இல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சிக்குப் பிறகு பரவிய பாணி. வளைந்த மூலைகள், கண்ணாடிபோல் மின்னும் வால்நட் வெனீர், குரோமியம் அல்லது பேக்லைட் (பழைய வகைப் பிளாஸ்டிக்) கைப்பிடி. ஒரு நல்ல டெக்கோ சைட்போர்டு அறைக்குள் வந்தால் வேறெதுவும் தேவைப்படாது.

வாங்குமுன் கீழே குனிந்து அடிவிளிம்பைப் பாருங்கள். வெனீர் மெலிது, உள்ளே பிளைவுட் அல்லது துண்டுப் பலகை. பல வருடம் ஈரத்துணியால் தரை துடைத்ததில் அந்த விளிம்பில் வெனீர் கிளம்பியிருக்கும். நேரான இடத்தில் கிளம்பியதை ஒட்டுவது எளிது. வளைந்த மூலையில் துண்டு போயிருந்தால், ரேகை ஒத்த வெனீரைத் தேடி வளைத்து ஒட்ட நல்ல கைகாரர் வேண்டும். அந்தக் கூலியைக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள். புழக்கம் குறைந்த, விருந்துக்கு மட்டும் திறக்கும் அறைக்கு ஏற்றது.

## மிட்-செஞ்சுரி தேக்கு: 1950கள், 1960கள்

இப்போது எல்லோரும் கேட்பது இதைத்தான், காரணமும் நியாயமானது. ஆழம் 40 முதல் 48 செ.மீ., நீளம் 2 மீட்டர்வரை. ஒடுங்கிய அறைக்கு இதைவிட்டால் வேறு வழி குறைவு. நழுவும் கதவும், உருளும் பட்டைக் கதவும் வெளியே இடம் கேட்பதில்லை. டென்மார்க்கில் ஆர்னே வோடர், சிபாஸ்ட் பட்டறைக்காக வரைந்த வண்ண டிராயர் முகப்புகளைப் பார்த்தால், எளிமையும் மகிழ்ச்சியும் ஒரே சாமானில் கூடியிருப்பது தெரியும். இங்கிலாந்தில் 1953இல் தொடங்கிய ஜி-பிளான் போன்ற பெயர்கள் நடுத்தரக் குடும்பங்களுக்கு அதே தோற்றத்தைக் கொண்டுபோயின.

ஆனால் பரிமாறும் உயரம் இல்லை. பெரும்பாலானவை 72 முதல் 80 செ.மீ.தான். முதுகுவலி உள்ளவர் வீட்டில் இதைப் பரிமாறும் மேடையாக நினைத்து வாங்காதீர்கள், சேமிப்புக்கு என்று வாங்குங்கள். நழுவும் கதவின் இரட்டைத் தடம் உள்ளாழத்தில் சில சென்டிமீட்டரைத் தின்றுவிடும், அப்புறம் 40 செ.மீ. தாம்பாளத்துக்கு இடம் இருக்காது.

பழுது விஷயத்தில் ஒரே தோற்றமுள்ள இரண்டு சாமான்களுக்கு நடுவே பெரிய வித்தியாசம் இருக்கலாம். ஒன்றில் தேக்கு வெனீருக்கு அடியில் பிளாக்போர்டு, விளிம்பில் முழுத் தேக்குச் சட்டம். இன்னொன்றில், குறிப்பாக 1960களின் பிற்பாதியில் மலிவாகச் செய்ததில், சிப்போர்டு. சிப்போர்டு நனைந்தால் உப்பும், உப்பியது திரும்ப இறங்காது. கீலின் ஸ்க்ரூ பிடி விட்டால், அதே இடத்தில் மறுபடி பிடிக்க வைப்பதும் பாடு. பீங்கான் தட்டு ஒவ்வொன்றும் அரைக் கிலோவைத் தாண்டும் எடை. நீளமான சிப்போர்டுத் தட்டில் மூன்று டஜன் அடுக்கினால், சில வருடத்தில் அது நடுவில் தொய்ந்துவிடும். முதுகுப் பலகையைக் கழற்றவோ, டிராயரை உருவி உள்விளிம்பைப் பார்க்கவோ விற்பவர் அனுமதிக்கவில்லை என்றால் அந்தச் சாமானை விட்டுவிடுவது நல்லது.

வெனீரின் தடிமன் 1 மி.மீ.க்கும் குறைவு. "நாங்களே மெஷினில் தேய்த்துப் புதுசாக்கிவிட்டோம்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அது எச்சரிக்கை மணி. எங்காவது வெனீர் அற்று அடிமரம் எட்டிப்பார்க்கிறதா என்று விளிம்புகளில் தேடுங்கள்.

ரோஸ்வுட் என்று சொன்னால் இன்னும் கவனம். அக்காலத்து உயர்ரக டேனிஷ் சாமான்கள் பல பிரேசில் ரோஸ்வுட்டால் ஆனவை. அந்த மரம் 1992 முதல் அழியும் உயிரினங்களுக்கான சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. தகுந்த சான்றிதழ் இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோனால் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம். உள்ளூரிலேயே வாங்கி உள்ளூரிலேயே வைத்திருப்பவருக்கும் ஆவணம் அவசியம், நாளை விற்கவேண்டி வரலாம்.

## ஒரே பார்வையில்

| வகை | உயரம், ஆழம் | உள்ளிடம் | பழுது பார்க்க | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ஜார்ஜியன் | பரிமாற ஏற்ற உயரம், ஆழம் அதிகம் | குறைவு | மிக எளிது | வெட்டிக் குறைத்த உடம்பு, தந்தம், ஈயம் |
| விக்டோரியன் | மிக உயரம், மிக ஆழம் | மிக அதிகம் | எளிது | தூக்குகூலி, வண்டி |
| எட்வர்டியன் | நல்ல உயரம், நடுத்தர ஆழம் | நடுத்தரம் | எளிது | ஜார்ஜியன் விலை கேட்பது |
| ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் ஓக் | நல்ல உயரம், நடுத்தர ஆழம் | நல்ல இடம் | மிக எளிது | முத்திரைக்குக் கூடுதல் விலை, எடை |
| ஆர்ட் டெக்கோ | பலவகை | நடுத்தரம் | கைகாரர் தேவை | வளைந்த வெனீர் |
| மிட்-செஞ்சுரி | தாழ்வு, ஆழம் குறைவு | நீளத்தில் அதிகம் | உள்பலகையைப் பொறுத்தது | சிப்போர்டு, ரோஸ்வுட் ஆவணம் |

## நேரில் பார்க்கும்போது

டிராயரிலிருந்து தொடங்குங்கள். முழுசாக வெளியே உருவி, கவிழ்த்து, பக்க மூட்டைப் பாருங்கள். கையால் வெட்டிய புறாவால் மூட்டில் இடைவெளிகள் சமமாக இருக்காது. இயந்திரத்தில் வெட்டியது அச்சில் வார்த்ததுபோல் ஒரே சீராக இருக்கும். எல்லா டிராயரிலும் ஒரே கை தெரிகிறதா என்பது முக்கியம். ஒன்று மட்டும் மாறியிருந்தால் மாற்று டிராயர். டிராயர்களின் ஆழம் உடம்பின் ஆழத்தைவிட வெகுவாகக் குறைந்தாலோ, பின்பக்கத்தில் புதிதாக அறுத்த விளிம்பு தெரிந்தாலோ, யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

நட்சத்திரத் தலை ஸ்க்ரூ 1930களுக்கு முன் கிடையாது. பழைய சாமானில் ஒரு கீலில் மட்டும் அது இருந்தால் கீலை மாற்றியிருக்கிறார்கள், பெரிய குற்றம் இல்லை. உடம்பு முழுக்க அதுவே இருந்தால் சொல்லும் வயது பொய். கைப்பிடிக்குப் பின்னால் அடைத்த பழைய துளைகள் இருந்தால் கைப்பிடி மாறியிருக்கிறது. விலையில் பேசிக் குறைக்கலாம், அதற்காக வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

உளுத்திருக்கிறதா என்று பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். மர வண்டு வெளியேறிய துளை 1.5 முதல் 2 மி.மீ. இருக்கும். பழைய துளையின் உட்புறம் கறுத்திருக்கும். துளை வெளிர் நிறமாக இருந்து, அடியில் மாவு உதிர்ந்து கிடந்தால் பூச்சி இன்னும் உயிரோடிருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மற்ற மரச்சாமான்களுக்கும் பரவும். சிகிச்சை செய்து முடித்த பிறகே உள்ளே வரவேண்டும், அதன் செலவை யார் ஏற்பது என்பதை விலை பேசும்போதே தீர்த்துக்கொள்ளுங்கள்.

மேல்பலகையின் பூச்சை மறைவான ஒரு மூலையில், விற்பவர் சம்மதத்தோடு, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் லேசாகத் துடைத்துப் பாருங்கள். ஒட்டினால் அரக்கு பாலிஷ். அரக்கு சூட்டையும் ஆல்கஹாலையும் தாங்காது, சூடான பாத்திரம் வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழும். ஆனால் அந்த வளையத்தைப் பாலிஷ்காரர் அங்கேயே எடுத்துவிடுவார், முழுசாகச் சுரண்டத் தேவையில்லை. லேக்கரில் சேதம் வந்தால் அந்த இடத்தை மட்டும் தனியாகச் சரிசெய்வது கடினம். எண்ணெய் பூசிய தேக்கு இந்த இரண்டையும்விடச் சுலபம், வீட்டிலேயே எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாம். எந்தப் பூச்சானாலும் சூடான பாத்திரத்துக்கு அடியில் மணை வேண்டும்.

## இன்னும் முடிவு வரவில்லை என்றால்

அறை ஒடுங்கியது, மேசைக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை மீட்டர்கூட இல்லை என்றால் மிட்-செஞ்சுரி. பிளாக்போர்டு உடம்புள்ளதாகத் தேடுங்கள், பெயர்பெற்ற வடிவமைப்பாளர் இல்லாவிட்டால் பரவாயில்லை.

அடிக்கடி விருந்து வைப்பவர், அறையும் விசாலம் என்றால் எட்வர்டியன் போதும். ஜார்ஜியச் சைட்போர்டின் உயரமும் வடிவும் அதில் இருக்கும், வெட்டிய உடம்பைப் பற்றிய கவலை குறையும். பழமையே மனசுக்கு முக்கியம் என்றால் மட்டும் ஜார்ஜியன்.

சாமான் நிறைய, இடமும் நிறைய, இனி வீடு மாறப்போவதில்லை என்றால் விக்டோரியனைத் தயங்காமல் வாங்கலாம். வாடகை வீட்டில் இருப்பவருக்கு அதை நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு முறை மாறும்போதும் முதலில் கொடுத்த விலைக்கு நிகராகச் செலவு வந்துகொண்டே இருக்கும்.

குழந்தைகளும் முதியவர்களும் ஒன்றாகப் புழங்கும் வீட்டுக்கு ஓக். வாங்கி வந்ததும் அடுப்புச் சூடு, ஹீட்டர், நேர் வெயில் மூன்றிலிருந்தும் தள்ளி வையுங்கள். அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, அதைக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை அதன் மேலேயே வைத்துவிடலாம். ரசமட்டம் வைத்துப் பார்த்துக் காலுக்கடியில் சரியான அண்டை கொடுங்கள். பழைய சைட்போர்டின் கதவு மூடாமல் முரண்டுபிடித்தால், கதவைச் சீவுவதற்கு முன் தரையைச் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அண்டை கொடுத்ததும் கதவு தானாகப் பொருந்திவிடும்.